ரயில் முனையில் ஒரு சிரிப்பு

படம் முடிந்துவிட்டது என்று ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். வில்லன் ஒழிந்தான், ஜேம்ஸ் பாண்ட் காதலியோடு ரயிலேறிவிட்டார். சுபம்தானே? அப்போது ரயிலின் முன் முனையில் தொப்பியும் தானுமாக உட்கார்ந்திருந்தான் ஒருவன். பாம்புகள் நெளியும் சவப்பெட்டியில் விழுந்து செத்தானே, அதே பேரன் சமேடி! நேரே என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள், அடிவயிற்றிலிருந்து உருண்டு வந்த சிரிப்பு. மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

'லிவ் அண்ட் லெட் டை' (1973) படத்தில் ஜெஃப்ரி ஹோல்டர் எனக்கு அறிமுகமானது இப்படித்தான். ஹெய்ட்டியின் வூடூ மரபில் பேரன் சமேடி, கல்லறைகளின் அதிபதி. அந்தப் பாத்திரத்தில் அவர் நடக்கவில்லை, மிதக்கிறார். ஆறரை அடி உயரத்துக்கு எங்கிருந்து வந்தது அந்த நெளிவு? படத்தின் நடன அமைப்பும் அவரே என்று தெரிந்ததும்தான் புரிந்தது.

1930-ல் டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் பிறந்தவர். சின்ன வயதில் திக்குவாய். நம்ப முடிகிறதா? அந்தக் குரலுக்கா! பேச்சு முரண்டு பிடிக்க, உடம்பு பேசியது. ஏழு வயதிலேயே அண்ணன் பாஸ்கோவின் நடனக் குழுவில் சேர்ந்தார். தூரிகையும் பிடித்தார். பின்னாளில் குழுவோடு நியூயார்க் போக, தான் வரைந்த ஓவியங்களை விற்றுத்தான் பயணச் செலவைச் சமாளித்தார். 1954-ல் பிராட்வேயின் 'ஹவுஸ் ஆஃப் ஃபிளவர்ஸ்' நாடகத்தில், உடன் ஆடிய கார்மென் டி லாவலேடைச் சந்தித்தார். மறு வருடமே கல்யாணம். 2014-ல் ஹோல்டர் மறையும்வரை நீடித்த ஜோடி.

ஹாலிவுட் அவருக்குக் கொடுத்ததென்னவோ பெரும்பாலும் ஓரமான வேடங்கள்தான். 'ஆனி' (1982) படத்தில் தலைப்பாகை கட்டிய மெய்க்காப்பாளர். பெயர்? பஞ்சாப்! எழுதியவர்களின் சோம்பேறித்தனத்தை மன்னிக்கவே மாட்டேன். ஆனால் அவர் வந்து நின்றால் கண் வேறெங்கும் போகாதே! செவன் அப் விளம்பரங்களில் வெள்ளை உடுப்போடு வந்து சிரித்தே அமெரிக்க வீடுகளுக்குள் குடியேறியவர் அல்லவா?

மேடையோ அவருடைய ராஜ்ஜியம். கறுப்பினக் கலைஞர்களே நடித்த 'தி விஸ்' இசை நாடகத்துக்காக 1975-ல் இரண்டு டோனி விருதுகள்: இயக்கத்துக்கு ஒன்று, ஆடை வடிவமைப்புக்கு ஒன்று. ஒரே ஆள்!

போன மாதம் அக்கா மகளோடு 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி' (2005) பார்த்தேன். முகம் காட்டாமல் கதை சொல்லும் குரல் வந்ததுமே துள்ளிவிட்டேன்.

"பேரன் சமேடி!"

"யாரோட பேரன், மாமா?"

விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அந்த ரயில் காட்சியை மட்டும் போட்டேன். ஒரு நொடி மிரண்டாள், பிறகு சொன்னாள்:

"இன்னொரு தடவ போடு மாமா."