கச்சேரி மேடையில் நாடகப் பாடல்: மராட்டியச் சிற்றூர் விழாவரங்குகள் பற்றிய ஒரு நோக்கு

கலைவடிவமொன்று தான் தோன்றிய களத்தை விட்டு வேறொரு களத்திற்குப் பெயரும்போது எதனை உடன்கொண்டு செல்கிறது, எதனைக் கைவிடுகிறது என்பது கலை வரலாற்றாய்வில் அடிப்படையானதொரு வினாவாகும். மகாராட்டிரத்தின் சிறு நகரங்களில் விழாக் காலங்களில் நடைபெறும் வாய்ப்பாட்டு அரங்குகள் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க சான்றாக அமைகின்றன.

தீபாவளி நாட்களில் விடியுமுன்னர் தொடங்கும் 'திவாளி பஹாட்' (தீபாவளி வைகறை) அரங்கை எடுத்துக்கொள்வோம். அதன் ஒழுங்கு பெரும்பாலும் ஒரே வகையினது. முதலில் லலித், தோடி போன்ற வைகறைக்கும் காலைக்குமுரிய ராகமொன்றிலே கயால் விரிவாகப் பாடப்படும். அடுத்து 'நாட்ய சங்கீத்' எனப்படும் நாடகப் பாடல்களும் அபங்கங்களும் வரும். பைரவியுடன் நிகழ்ச்சி முடியும். முன்னது வித்துவத்துக்குரியது, பின்னது மகிழ்ச்சிக்குரியது என்ற பாகுபாடு சொல்லப்படாமலே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. இப்பாகுபாடு வரலாற்றுக்குப் பொருந்துவதன்று என்பதே எமது கருத்து.

1843 இல் விஷ்ணுதாஸ் பாவே சிற்றரசரின் ஆதரவுடன் சாங்கிலியில் மேடையேற்றிய நாடகத்தை மராட்டி அரங்கின் தொடக்கமாகக் கொள்வர். 1880 இல் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் புனேயில் 'சாகுந்தல'த்தை அளித்தபோது இசைநாடகம் நிலையான வடிவம் பெற்றது. கீர்த்தன், லாவணி, கன்னடப் பாடல் ஆகியவற்றின் மெட்டுகள் அதனுள் கலந்தன. 1911 இல் 'மானாப்மா'னுக்குக் கோவிந்தராவ் டெம்பேயும், 1916 இல் 'சுயம்வர'த்துக்குப் பாஸ்கர்புவா பக்லேயும் இசையமைத்தபோது கயாலும் தும்ரியும் மேடைக்கு வந்தன. அரசவையிலும் செல்வர் கூடங்களிலும் அடைபட்டிருந்த இசையை, நுழைவுச்சீட்டு வாங்கக்கூடிய எவரும் கேட்கும் நிலை தோன்றியது. கடை வணிகரும் எழுதுவினைஞரும் ராகங்களை இனங்கண்டது நாடகக் கொட்டகையிலேயே. ஆகவே, இன்று கச்சேரியின் முற்பகுதியைப் பொறுமையுடன் கேட்கும் ரசிகர் கூட்டத்தை உருவாக்கியதில் பிற்பகுதிக்குப் பெரும்பங்கு உண்டு என்பது மனங்கொளத்தக்கது.

எனினும் இழப்பு இந்த வரிசை முறையோடு நிற்பதில்லை. சாங்கிலிக்கு அருகிலுள்ள ஹரிபூரில் பிறந்த கோவிந்த் பல்லாள் தேவல் 1899 இல் அளித்த 'சாரதா', பொருளுக்காக மகளை முதியவனுக்கு மணமுடிக்க முனையும் தந்தையின் கதையாகும். அந்நாடகத்தில் சாரதா பாடுவது விற்கப்படும் சிறுமியின் அச்சமாகும். கச்சேரி மேடையிலோ அதே பாடல் பாடுபவரின் தான்களுக்கும் குரலெல்லைக்கும் அளவுகோலாகிறது. கைதட்டல் ஒலிக்கும்போது சிறுமி அங்கில்லை.

ராம் கணேஷ் கட்கரியின் 'ஏகச் பியாலா' (ஒரே கிண்ணம்) இதனை மேலும் தெளிவாக்கும். 1919 இல் மேடையேறிய இந்நாடகம் குடிப்பழக்கத்தால் அழியும் குடும்பமொன்றைக் காட்டுகிறது. பட்டாடைகளுக்குப் பேர்பெற்ற பாலகந்தர்வர், அதிலே கந்தலுடுத்த மனைவி சிந்துவாகத் தோன்றினார். பாடல்களுக்குரிய மெட்டுகள் சிலவற்றை வழங்கியவர் சுந்தராபாய் ஜாதவ் என்னும் பாடகி. புகழ்பெற்ற குழுக்களின் மேடைகளில் பெண்களுக்கு இடமில்லாத காலம் அது. ஒரு பெண்ணின் மெட்டு, ஆடவர் ஒருவரின் குரல்வழியே பெண்ணின் துயராக ஒலித்தது. ஹீராபாய் பரோடேக்கர் போன்றோர் பின்னர் நாடக மேடையிலும் கச்சேரி மேடையிலும் மதிப்புடன் அமர்ந்தமை எளிதிற் கிட்டிய பேறன்று. விழாவரங்குகளில் குரு பரம்பரை பக்தியுடன் உச்சரிக்கப்படுகிறது. மெட்டுத் தந்த பெண்ணின் பெயரோ அரிதாகவே கேட்கிறது.

இதற்குக் கச்சேரியை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. நாடகம் நடந்த காலத்திலேயே 'வன்ஸ்மோர்' கூச்சலுக்கிணங்கக் கதை நிறுத்தப்பட்டு, ஒரே பாடல் மீண்டும் மீண்டும் பாடப்பட்டது. கிராமபோன் இசைத்தட்டு பாடலைச் சில நிமிடங்களுக்குள் ஒடுக்கித் தனிப்பொருளாக்கியது. 1930களில் பேசும்படம் பரவியபோது நாடகக் குழுக்கள் நிலைகுலைந்தன. நாடகம் வாழ வழியற்ற நிலையில் பாடலைக் காத்தவை கச்சேரிகளே. அக்கடனை நாம் மறுக்கவில்லை. ஆயின், காத்தமையால் முழுமையும் காக்கப்பட்டதெனக் கருதுவது தவறாகும்.

இவ்விடத்தில் எமது நாட்டு அனுபவமொன்றும் நோக்கத்தக்கது. சிங்கள நூர்த்தி நாடகாசிரியர் ஜோன் டி சில்வா, வட இந்திய இசைஞர் விஸ்வநாத் லௌஜியைக் கொண்டு 1903 இல் தமது 'சிறிசங்கபோ' நாடகத்துக்கு இசையமைப்பித்தார். அதில் இடம்பெற்ற 'தன்னோ புதுன்கே' என்ற பாடல் காலப்போக்கில் பக்திப் பாடலாகவே கருதப்படலாயிற்று. 2016 சுதந்திர தின விழாவில் ஒபேரா பாணியில் அது பாடப்பட்டபோது பெருஞ் சர்ச்சை மூண்டது. வாதிட்டோர் பலர் அதன் புனிதத்தைப் பேசினர். அது வட இந்திய இசைஞர் ஒருவர் மெட்டமைத்த நாடகப் பாடல் என்பதோ பின்தள்ளப்பட்டது. களத்தினின்று பிரிக்கப்பட்ட பாடல் எவ்வளவு எளிதில் தூய்மைவாதத்தின் கருவியாகிறது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

விழாவரங்கு ஒரு சமூகம் தன்னைத் தானே கொண்டாடிக்கொள்ளும் இடம். எதனைக் கொண்டாடுகிறோம் என்பதை அறிந்து கொண்டாடுவதே பண்பாட்டு முதிர்ச்சி. பாடலுக்கு முன் அது பிறந்த காட்சியை இரண்டு வாக்கியங்களிற் கூறலாம். மெட்டளித்தவரின் பெயரைச் சொல்லலாம். முழுக் காட்சியொன்றை நடித்துப் பாடலாம். இவற்றுக்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. சாரதாவின் அச்சம் செவிக்கு எட்டும்போது ராகத்தின் அழகு குன்றாது; அவ்வழகு எதற்காகத் தேடப்பட்டது என்பதும் அப்போதே புலனாகும்.