முன் எந்தப் பக்கம்?

தறியையும் தாத்தாக்களையும் பற்றிய ஒரு கவிதைத் தொகுதியை, 'பின்னோக்கிப் பார்க்கிறது, ஆகவே பிற்போக்கு' என்று ஒதுக்கிவிட்டது ஒரு மதிப்புரை. தொகுதிக்காக வாதாட எனக்கு உத்தேசமில்லை. அந்த 'ஆகவே'தான் உறுத்துகிறது.

தமிழில் இறந்தகாலம் பின்னால் இருப்பதாக யார் சொன்னது? முன்னோர், முன்னாள், முன்பொரு காலம்: போனதெல்லாம் முன். பிற்காலம், 'பின்னால் பார்த்துக்கொள்ளலாம்': வரப்போவது பின். அடுத்த மாதத் தேதி போட்டு என் கவுண்ட்டருக்கு வரும் செக்கைப் பின்தேதியிட்டது என்றுதான் சொல்கிறோம். இது வரிசைக் கணக்கு. முதலில் போனவர் முன், பிறகு வருகிறவர் பின். 'பின்பற்றுதல்' இந்த ஊர்வலத்துச் சொல்.

ஆண்டீஸ் மலைப்பகுதியின் அய்மாரா மக்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு இறந்தகாலம் கண்ணுக்கு எதிரில். அதைப் பேசும்போது கையும் முன்னால் நீள்கிறது என்று நூன்யெஸும் ஸ்வீட்ஸரும் 2006இல் எழுதினார்கள். நம் 'முன்'னையும் இதோடு சேர்த்துப் பெருமைப்பட ஆசை வரும். கூடாது. ஆங்கில 'பிஃபோர்' கூட ஆதியில் முன்பக்கம்தான்.

நம்மிடம் இன்னொரு வழக்கும் உண்டு. தொல்காப்பியம் காலத்தை இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று பிரிக்கிறது. இறத்தல் என்றால் கடந்துபோதல். மனிதன் நிற்கிறான், காலம் எதிரே வந்து கடக்கிறது. பெரணமல்லூரில் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். நெய்யாத பாவு அவர் எதிரே நீண்டு கிடக்கிறது. நெய்தது முதுகுக்குப் பின்னால் போவதேயில்லை. மடிக்கருகே உருளையில் சுருண்டு, வயிற்றை ஒட்டிக் கிடக்கிறது.

முற்போக்கு மூன்றாவது சங்கதி. இதில் மனிதன் நடக்கிறான், எதிர்காலத்தைப் பார்த்து. 1936இல் லக்னோவில் கூடிய எழுத்தாளர்கள் வைத்துக்கொண்ட 'ப்ரோக்ரெஸிவ்' என்ற சொல்லின் தமிழாக்கம். 1975இல் தமிழ்நாட்டிலும் ஒரு எழுத்தாளர் சங்கத்தின் பெயரில் ஏறியது. அரசியல் சொல்லாக அதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் முன்னோரில் ஒரு திசையும் முற்போக்கில் நேரெதிர்த் திசையும் காட்டுகிற ஒரு 'முன்'னை வைத்துக்கொண்டு கவிதைக்குத் தீர்ப்பெழுதுவது என்ன விமர்சனம்? தாத்தாவைப் பற்றி எழுதுகிறவன் முதுகைத் திருப்பிக்கொண்டான் என்று எப்படித் தெரியும்? அவன் அவர் பின்னால் நடந்துகொண்டிருக்கலாம். அவர் நெய்தது இவன் மடியில் கிடக்கலாம்.

தொகுதியின் தறிக்கவிதைகள் எட்டையும் மறுபடி படித்தேன். மூன்றில் படிமம் இரவல். ஒன்றில் பாவும் ஊடையும் இடம் மாறியிருக்கின்றன. மதிப்புரை இதையெல்லாம் சொல்லவில்லை.