பேகனின் போர்வை

பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய நாவல் ஒன்றில் திண்டுக்கல் ரயில் நிலையத்தில் ஒரு மார்கழி விடியற்காலை வருகிறது. கதாநாயகன் வண்டியிலிருந்து இறங்குகிறான். பல் கிட்டிப் போகிறது. பேசும்போது வாயிலிருந்து ஆவி புகைபோல எழும்புகிறது. புத்தகம் வெளிவந்த சில வாரங்களில் அந்த ஊரிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. "ஐயா, எங்கள் ஊரில் மார்கழி மாதம் ஒருவன் வாயிலிருந்து புகை வந்தால் அது சுருட்டுப் புகையாகத்தான் இருக்கும். தங்கள் கதாநாயகன் சுருட்டுப் பிடிப்பவனாகத் தெரியவில்லையே?" என்று எழுதியிருந்தார் ஒரு வாசகர். கையெழுத்து மட்டும் இருந்தது, விலாசம் இல்லை. இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டுப் பதில் போட்டிருப்பேன்.

அவர் சொன்னது சரி. திண்டுக்கல் சமவெளியில் ஜனவரி விடியற்காலையில் உஷ்ணமானி சென்டிகிரேடில் 20-க்குச் சற்று முன்பின்னாக நிற்கும். அதே மாதத்தில் மேலே கொடைக்கானலில் புல்லின்மேல் உறைபனி படர்ந்திருக்கலாம். கீழே அது கிடையாது. நான் எழுதிய குளிர் திண்டுக்கல் குளிரே அல்ல. கல்லூரி நாட்களில் மொழிபெயர்ப்பில் படித்த ருஷ்ய நாவல்களிலிருந்து, எனக்கே தெரியாமல், மூட்டை கட்டிக்கொண்டு வந்த குளிர் அது.

அப்படியானால் அந்தச் சமவெளியில் குளிரே இல்லையா? அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள்! தைப்பனி தரையைப் பிளக்கும், மாசிப்பனி மச்சைப் பிளக்கும் என்பார்கள். கிழவர்கள் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். "இதெல்லாம் ஒரு பனியா? அந்தக் காலத்தில் பனி என்றால்..." என்று ஆரம்பிப்பார்கள். எந்தக் காலம் என்று கேட்டால் அவர்கள் சிறுவர்களாக இருந்த காலம். என் பாட்டியும் அப்படித்தான் சொல்லுவாள். அவளுடைய கதையைக் கவனித்துக் கேட்டபோதுதான் ஒன்று புரிந்தது. ஆறு குழந்தைகள், ஒரு ஜமுக்காளம், இரண்டு பழைய புடவை, வாசல் திண்ணையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்த பண்ணையாள், அவன் பக்கத்தில் ஒரு கணப்புச் சட்டி. அவள் ஞாபகத்தில் இருந்த குளிர் உஷ்ணமானி காட்டும் குளிர் அல்ல. போர்வை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கணக்கு அது. நம் ஊர்க் கடுங்குளிர் முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இதை எழுதாத கதாசிரியன் குளிரை எழுதவில்லை என்றே சொல்லுவேன்.

நம் பழைய புலவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை 188 அடி. குளிர் என்ற ஒரே விஷயத்தை இவ்வளவு கண்ணால் பார்த்து எழுதிய வேறொன்று நம் மொழியில் இல்லை என்பது என் அபிப்பிராயம். மழைவெள்ளத்துக்கு ஒதுங்கி மாடுகளை மேட்டுக்கு ஓட்டி வந்த இடையர்கள் கையில் கொள்ளிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு தாடை அடித்துக்கொள்ள நிற்கிறார்கள். மாடு மேய்ச்சலை மறக்கிறது. பால் குடிக்க வந்த கன்றைத் தாய்ப்பசு உதைத்துத் தள்ளுகிறது. நகரத்துக்குள் வந்தால், இரை தேடப் போகாத புறா பகல் எது இரவு எது என்று தெரியாமல் பலகையில் மாறி மாறி உட்காருகிறது. கோடையில் வீசிய விசிறியைச் சுருக்கி மாட்டியிருக்கிறார்கள். அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. 'குளிர் கொடுமையாக இருந்தது' என்று நாம் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடும் இடத்தில் அவர் சிலந்தியைக் காட்டுகிறார்! கடைசியில் பாசறை. நடுச்சாமத்தில் தூங்காமல் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு போகும் அரசன். மேல்துணி நழுவுகிறது, இடது பக்கமாக அதைத் தழுவிக்கொண்டு நடக்கிறான். வாடைக்காற்றில் ஓர் அரசனுடைய துணி நழுவுவதைக் கவனித்த புலவனுக்கு எந்த ருஷ்யனும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் திண்டுக்கல் பக்கத்துக்கே உரிய குளிர்க் கதை வேறொன்று. அது பேகன் கதை. திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகிற சாலையில் இடப்பக்கம் கூடவே வரும் மலை அவனுடைய மலை. வையாவி நாட்டு அரசன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயில் குளிரில் நடுங்குவதாக எண்ணிப் போர்வையைக் கொடுத்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்த ஒரு வரி, பக்கத்தில் ஒரு படம், முடிந்தது. ஏதோ வெள்ளை மனசுக்காரன், பாவம், மயில் ஆடுவதற்கும் நடுங்குவதற்கும் வித்தியாசம் தெரியாதவன் என்ற எண்ணத்தோடு நாம் வளர்ந்துவிடுகிறோம்.

புறநானூற்றை எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறு. 141 முதல் 147 வரை ஏழு பாட்டுகள் பேகனைப் பற்றியவை. பரணர் நான்கு, கபிலர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆளுக்கொன்று. வரிசையாகப் படித்தால் இது ஒரு குறுநாவல். நான் மிகைப்படுத்தவில்லை. முதல் பாட்டிலேயே பரணர் ஒரு குண்டைப் போடுகிறார்: மயில் உடுக்காது, போர்த்தாது என்று தெரிந்தும் கொடுத்தான் என்கிறார். தெரிந்தும்! ஆகவே அறியாமை அல்ல. மறுமைப் பலனைக் கருதாமல் பிறர் வறுமையைப் பார்த்துக் கொடுக்கிற கை அது என்று புகழ்ச்சி வேறு. அடுத்த பாட்டில் வற்றிய குளத்திலும் வயலிலும் பெய்கிற மழை களர்நிலத்திலும் பெய்துவிடுகிறதே, அதுபோல வரையறையில்லாமல் கொடுக்கிறவன் என்று உவமை. களர்நிலத்தில் பெய்த மழை என்பது முழுப் புகழ்ச்சிதானா? எனக்குச் சந்தேகம் உண்டு. கேலி மெதுவாக நுழைகிற இடம் அது.

மூன்றாம் பாட்டில் ஒரு பெண் அழுகிறாள். கபிலர் அவன் மலையைப் பாடிக்கொண்டு வாசலில் நிற்க, உள்ளே ஒருத்தி குழல் அழுவதுபோல அழுகிறாளாம்; யார் அவள், இரங்கத்தக்கவள் என்று பேகனிடமே கேட்கிறார். அவன் மனைவி கண்ணகி. (சிலப்பதிகாரத்துக் கண்ணகி அல்ல, பெயர் ஒன்று, விதியும் ஏறக்குறைய ஒன்று.) பேகன் அவளை விட்டுவிட்டு முல்லை வேலி சூழ்ந்த ஓர் ஊருக்கு, இன்னொருத்தி வீட்டுக்கு, நாள்தோறும் தேரில் போய்க்கொண்டிருக்கிறான். நான்காம் பாட்டில் பரணர் யாழோடு போகிறார். நீ பேகனுக்கு உறவா என்று கேட்கிறார். கண்ணீரை விரலால் துடைத்துக்கொண்டு அவள் சொல்லுகிற பதில்: நாங்கள் அவனுக்கு உறவு அல்ல. நாவலாசிரியன் என்ற முறையில் சொல்லுகிறேன், இந்தப் பதிலை எழுதியவனுக்குப் பக்கம் பக்கமாக மன ஓட்டம் எழுதத் தேவையில்லை.

பிறகு ஐந்தாம் பாட்டு. பரணர் திரும்ப மயிலை எடுக்கிறார். மயில் நடுங்கும் என்று இரங்கிப் போர்வை கொடுத்தவனே என்று விளித்து, எங்களுக்குப் பசியில்லை, சுற்றத்தாரின் பாரமும் இல்லை, நாங்கள் கேட்கும் பரிசில் இன்று இரவே நீ தேரேறிப் போய் அவள் துன்பத்தைத் தீர்ப்பதுதான் என்கிறார். 'நடுங்கும்' என்பதற்கு அவர் போட்டிருக்கும் சொல் 'பனிக்கும்'. பழந்தமிழில் பனி என்றால் குளிர், பனித்தல் என்றால் நடுங்குதல், அச்சத்தால் நடுங்கினாலும் அதே சொல். ஒரு பறவையின் பனிப்பைக் கண்டவன் வீட்டுக்காரியின் பனிப்பைக் காணவில்லை என்று அவர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. மயிலையும் மனைவியையும் ஒரே பாட்டில் வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கடைசிப் பாட்டில் பெருங்குன்றூர்கிழார், நேற்று மழை பெய்யும் ஓசையைத் தனியாகக் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தாள் என்கிறார். போர்வை இல்லாதவள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அரசன் மனைவிக்குப் போர்வைக்கா பஞ்சம்?

பாடப்புத்தகம் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டது ஒழுக்கம் கருதியா, இடம் கருதியா, எப்படியானாலும் நஷ்டம் நமக்கு. வள்ளல் என்ற சொல்லைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லித் தரும் ஏழு பாட்டுகளிலிருந்து ஒரு நல்லொழுக்கப் படத்தை வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டோம்.

வெளியே பார்த்தால் இந்தப் பாதையில் போனவர்கள் இருக்கிறார்கள். டால்ஸ்டாய் 1895-இல் எழுதிய எஜமானனும் ஆளும் பற்றிய கதையில், பனிப்புயலில் சிக்கிய வியாபாரி கடைசியில் தன் வேலையாள்மேல் தானே போர்வையாகக் கவிழ்ந்து படுத்துச் சாகிறான், ஆள் பிழைக்கிறான். பிரேம்சந்த் 1930-இல் எழுதிய 'பூஸ் கீ ராத்' இன்னும் நமக்கு நெருக்கம். கம்பளி வாங்கச் சேர்த்த மூன்று ரூபாயைக் கடன்காரனுக்குக் கொடுத்துவிட்டு, வயல் காவலுக்குப் போன ஹல்கு குளிர் தாங்காமல் நாயைக் கட்டிக்கொண்டு படுக்கிறான். காட்டு விலங்குகள் பயிரை அழிக்கின்றன. காலையில் அவனுக்கு ஒரே ஆறுதல், இனி இரவில் இங்கே வந்து படுக்க வேண்டாம் என்பதுதான். அங்கே பேகன் மயிலுக்கு ஈந்தான். இங்கே நாய் மனிதனுக்கு ஈந்தது.

தமிழில் என்ன செய்தோம்? 1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தார். அதே வருஷம், பேகன் மலையின் அடிவாரத்து வத்தலக்குண்டுக்காரரான ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' விவேக சிந்தாமணியில் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது. அந்த மலைக்காரன் கதையும் அந்த மலையடிவாரத்துப் பிள்ளையின் நாவலும் ஒரே சமயத்தில் அச்சேறியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. பிற்பாடு வந்த எங்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. எங்கள் தொடர்கதைகளில் குளிர் என்றால் கொடைக்கானல்; கதாநாயகி சால்வையைப் போர்த்திக்கொண்டு ஏரிக்கரையில் நிற்பாள். கீழே மார்கழி என்றால் கோலம், பஜனை, கச்சேரி. அந்த நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள் கதைக்குள் வருவதில்லை.

நிலக்கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்கள். பனி இறங்கினால் மல்லிகை மொட்டு வராது. வரத்துக் குறைந்து சந்தையில் விலை கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். பத்திரிகையில் விலை மட்டும் வரும். பனியில் நனைந்த செடிகளுக்கு நடுவில் விடிவதற்கு முன்பே நின்று, பறிக்கப் பூ இல்லாமல் பாதிக் கூலியோடு திரும்புகிறவளுக்கு அந்த விலையால் என்ன? தைப்பூசத்துக்கு முன் நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்கள் சாலையோரத்தில் துண்டை விரித்து, துண்டையே போர்த்திப் படுத்திருப்பார்கள். இவை என் நாவலில் இல்லை. நான் அந்த நாவலில் போட்டது வாய் ஆவி.

புறநானூற்றில் பேகன் அன்றிரவு தேரேறினானா என்பதற்குப் பதில் இல்லை. 148-ஆம் பாட்டைத் திருப்பினால் நள்ளி என்ற வேறொரு வள்ளல் வந்துவிடுகிறான். பேகன் பெயர் மறுபடி வருவது 158-இல், குமணனைப் பாடும் பெருஞ்சித்திரனார் வரிசைப்படுத்தும் வள்ளல்களுள் ஒருவனாக. அங்கே அவன் மலை ஈரமும் குளிருமான மலை என்று மறக்காமல் சொல்லியிருக்கிறார். கண்ணகியைப் பற்றி ஒரு சொல் இல்லை.