மண்வாசனையும் மண்ணுரிமையும்

ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் 'மண்வாசனை' என்னும் சொல் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஒரு நாவலில் பேச்சுவழக்கும் ஊர்ப்பெயர்களும் மரஞ்செடிகளும் செவ்வனே அமைந்துவிட்டால், மண்வாசனை கமழ்கிறது எனப் பாராட்டி விமர்சகர் அமைதியடைந்து விடுகின்றனர். அந்த மண் யாருடையது என்னும் வினா அவர் வாயில் எழுவது அரிது. வன்னியில் நின்று இலக்கியம் கற்போர்க்கு அவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. வவுனியாவிலிருந்து மன்னார் வீதி வழியே நெளுக்குளம் நோக்கிச் செல்பவர் குளத்தையும் வயலையும் குடிமனையையும் காண்பர். உறுதிக் காணி எது, பேர்மிட் காணி எது, இரண்டுமில்லாக் காணி எது என்று காட்டும் வேறொரு வரைபடம் உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாதது. எனினும் யாருக்கு வங்கிக் கடன் கிடைக்கும், யார் எழுப்பப்படுவர் என்பதைத் தீர்மானிப்பது அதுவே.

இவ்வரைபடத்தின் முதற்கோடு 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் இழுக்கப்பட்டது. காடு, தரிசு, ஆட்கொள்ளப்படாத நிலம், பயிரிடப்படாத நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன என அச்சட்டம் ஊகித்தது. கண்டி மாகாணங்களுக்குப் புறம்பான பகுதிகளில், சில ஆண்டு இடைவெளி விட்டுப் பயிரிடப்படும் சேனை நிலமும் காடு அல்லது தரிசு என்றே கொள்ளப்பட்டது. நிலத்தை ஆறவிடுதல் உழவனின் அறிவு. அவ்வறிவே அவனுக்கு எதிரான சாட்சியமாயிற்று! 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, பத்தாண்டு தடையின்றி அனுபவித்தவன் மற்றொரு தனியாளுக்கு எதிராக உரிமை பெறலாம். முடிக்கு எதிராக அச்சட்டம் அவனுக்கு உதவாது. பின்னர் 1897இன் தரிசுநிலச் சட்டம் வந்தது. அறிவித்தல் வெளியிட்டு மூன்று மாதத்துள் எவரும் உரிமை கோராவிடின், அந்நிலம் அரசுக்கு.

'எஞ்சிய நிலம்' என்று சட்டம் கண்டது யாது? வன்னிக் கிராமமொன்றில் வயல் மட்டும் தனித்து நிற்பதில்லை. குளத்துக்கு நீர் தருவது மேலேயுள்ள காடு. கோடையில் மாடு மேய்வது அலைகரையிலும் தரவையிலும். வேலிக்குக் கம்பும் அடுப்புக்கு விறகும் பஞ்சகாலத்துக்குத் தேனும் கிழங்கும் காட்டிலிருந்தே வரும். மழை பொய்த்து வயல் கைவிட்ட ஆண்டில் குரக்கன் தருவது சேனை. அளந்து வரிவிதிக்கக்கூடிய வயலை மட்டும் உடைமையாக ஏற்று, அதனை வாழவைக்கும் சுற்றுப்புறம் முழுவதையும் மிச்சம் என்று ஒதுக்கியது காலனித்துவ அளவை.

தமிழிலக்கண மரபிலும் ஓர் எச்சம் உண்டு என்பது சுவையான செய்தி. தொல்காப்பியர் நான்கு நிலங்களுக்குத் தெய்வம் வகுத்தவர். பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டபோது பாலையாகும் என்று சிலப்பதிகாரம் விளக்குகின்றது. அங்கே எச்சம் பருவத்தால் நேர்வது. மழை வந்தால் அது மீண்டும் முல்லையே. பத்திரத்தால் நேரும் எச்சத்தை எந்த மழையும் மீட்பதில்லை.

இச்சட்டத்தின் கீழ் வாழ்ந்த மனிதனை இலக்கியத்தில் முதலில் வலுவாகக் காட்டியவர்களுள் ஒருவர், அச்சட்டத்தை நடைமுறைப்படுத்திய அதிகாரியே. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனார்ட் வுல்ஃப், 1913இல் 'காட்டிலுள்ள கிராமம்' என்னும் பொருள்படும் ஆங்கில நாவலை வெளியிட்டார். சேனை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும்; சீட்டுக்கும் உழவனுக்கும் நடுவே ஊர்த்தலைவன்; அறுவடைக்கும் உழவனுக்கும் நடுவே கடன்கொடுப்பவன். இவ்விருவரையும் சுட்டுக் கொல்லும்வரை சிலிந்து தள்ளப்படும் விதத்தை வுல்ஃப் நேர்மையுடன் எழுதியுள்ளார். ஆயினும் காட்டையே தீமையின் உருவாக அவர் தொடக்கத்திலிருந்து சித்திரித்து வருகிறார். இறுதியில் ஊர் அழிந்து, புஞ்சி மெனிக்கா தனித்திருக்க, காடு வாசல்வரை வந்துவிடுகிறது. கச்சேரியின் குற்றம் காட்டின்மேல் ஏற்றப்படுகிறது. ஆளற்றுப்போன அவ்வூர் 1840இன் சட்டப்படி இனி ஆட்கொள்ளப்படாத நிலம் என்பதை நாவலாசிரியர் சொல்லவில்லை; அதிகாரியாயிருந்தவர் அதனை அறியாதவரல்லர். சிலிந்து தெற்கின் சிங்கள உழவன். அவனை நசுக்கிய ஊகமே வன்னித் தமிழ் உழவனையும் நசுக்கியது என்பதை இரு மொழி வாசகரும் மனங்கொள்ள வேண்டும்.

1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' தண்ணிமுறிப்பை நம் நாவலுலகுக்குக் கொணர்ந்தது. அதன் இயற்கை வருணனை போதிய பாராட்டைப் பெற்றுவிட்டது. இனி அதனைக் கற்பிக்கும் ஆசிரியர், காடு வெட்டிக் கழனியாக்குபவனின் உழைப்பு எந்தக் காகிதத்தால் உரிமையாகிறது என்ற கேள்வியையும் மாணவர்முன் வைத்தல் தகும். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் தரும் பேர்மிட், அரசின் நிலத்தில் நிபந்தனையோடு இருக்க விடும் இசைவேயாகும். பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிடின் மகளுக்கு முன் மகனை வைத்த அதன் அட்டவணை 2022இல்தான் திருத்தப்பட்டது. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவின் காட்டோரங்களில் குடியேறியோருக்கு இந்தக் காகிதங்கூட எளிதிற் கிட்டவில்லை. தேயிலைத் தோட்டத்தில் லயம் அவர்களுடையதன்று. இங்கே தாமே வெட்டிய காடும் அவ்வாறே.

பழங்கதை பேசுகிறோம் என எண்ணுவோர் 2025 மார்ச் 28ஆம் நாள் வர்த்தமானியைப் பார்க்கலாம். 1931இன் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின்கீழ், யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறக்குறைய 5,940 ஏக்கருக்கு உரிமை கோரும்படி அதில் அறிவிக்கப்பட்டது. தவணை மூன்று மாதம்! 1897இலும் அதுவே தவணை. இடையில் முப்பதாண்டுப் போர் நடந்திருக்கிறது, உறுதிகள் எரிந்துள்ளன, உரிமையாளர் பலர் தமிழகத்து முகாம்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் உள்ளனர். அவ்வாண்டு ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம் அவ்வறிவித்தலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. வவுனியா அப்பட்டியலில் இருக்கவில்லை. எனினும் இங்குள்ள உழவனின் தகரப்பெட்டியிற் கிடக்கும் பேர்மிட்டும் 1840இன் அதே ஊகத்தின்மீது எழுதப்பட்டதே.