சிமுலேஷன் என்னும் சாட்சி

அனலாக் மின்சுற்றைச் சிலிக்கனில் வார்ப்பதற்கு முன் கணிப்பொறியில் இயக்கிப் பார்க்கும் வழக்கம், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் தம் ஆசான் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில் உருவாக்கிய ஸ்பைஸ் என்னும் நிரல் 1973-இல் வெளிவந்தது முதல் வேரூன்றி, இன்று அத்தொழிலின் பிராணனாகவே ஆகிவிட்டது.

அதன் நன்மையை முதலில் ஒப்புக்கொள்வதே நியாயம். தனித்தனி உறுப்புகளைப் பலகையில் கோத்துச் சோதித்த பழைய முறையில், இணைப்புக் கம்பிகளின் மின்தேக்கம் சில்லில் உள்ளதைக் காட்டிலும் மிகுந்திருந்ததாலும், ஒரே சில்லில் அருகருகே அமைந்த டிரான்சிஸ்டர்களுக்குள்ள ஒற்றுமை கடையில் வாங்கிய உறுப்புகளுக்கு வாய்க்காததாலும், முடிவு மெய்ச் சில்லுக்குப் பொருந்துமென்ற நிச்சயம் இல்லை. ஸ்பைஸோ எந்தக் கணுவின் மின்னழுத்தத்தையும் தொட்டுக் கலைக்காமலே காட்டியது. வெப்பநிலையையும் உற்பத்தி வேறுபாடுகளையும் வேண்டியவாறு மாற்றிப் பார்க்க இடமளித்தது. பெடர்சனின் உறுதியால் அதன் மூலநிரல் எல்லோருக்கும் கிடைத்ததும் சாமானிய உபகாரமன்று.

ஆயினும் இந்தச் சாட்சி, கேட்டதற்கு மட்டுமே விடை பகரும் சாட்சி. வெப்பநிலை மாறினும் ஏறத்தாழ 1.2 வோல்ட்டை நிலையாகத் தரவேண்டிய பேண்ட்கேப் சுற்றை எடுத்துக்கொள்வோம். விரும்பிய நிலை ஒன்று, மின்னோட்டமே இல்லாத நிலை மற்றொன்று என அதற்கு இரண்டு சமநிலைகள் உண்டு. நியூட்டன்-ராப்சன் முறையில் ஓர் ஊகத்திலிருந்து படிப்படியாக விடையை நாடும் நிரல், கணக்கு ஒருங்கும்பொருட்டுத் தானே 10⁻¹² சீமன்ஸ் அளவுள்ள நுண்ணிய கடத்தலைச் சேர்த்துக்கொண்டு, ஒரு சமநிலையைக் கண்டதும் நின்றுவிடும். மற்றொன்று இருப்பதை உரைக்காது. சுற்றை எழுப்பிவிடும் துணைச்சுற்று பலவீனமாயிருப்பின், திரையில் குற்றமற இயங்கியது சில்லில் உறங்கியே கிடக்கலாம். மின்வழங்கலைச் சுழியிலிருந்து மெல்ல உயர்த்தி, கடுங்குளிரிலும் வெம்மையிலும் சோதிக்கக் கட்டளையிட்டவருக்கே அக்குறை புலப்படும்.

இரட்டை டிரான்சிஸ்டர்களின் கதையும் இதுவே. சாதாரண சிமுலேஷனில் அவை அணுவளவும் வேறுபடா, சில்லிலோ வேறுபடும். அவ்வேறுபாடு பரப்பின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழாகக் குறையுமென்று பெல்கிரோமும் அவர்தம் சகாக்களும் 1989-இல் நிறுவினர். அதாவது, பிழையைப் பாதியாக்கப் பரப்பை நான்கு மடங்காக்க வேண்டும். மாண்டே கார்லோ முறையில் வேறுபாடுகளைப் புகுத்திப் பார்த்தாலன்றி இவ்வுண்மை திரைக்கு வாராது.

இக்குறைகளைக் காட்டிச் சிமுலேஷனையே வெறுப்பது விவேகமாகாது. ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் கொண்ட சுற்றைப் பலகையில் கோப்பது இனி இயலாத காரியம். மின்னோட்டம், பெருக்கம், இரைச்சல் ஆகியவற்றைக் காகிதத்தில் முன்னமே கணித்துவைத்தவர், நிரலின் விடை அதனின்று விலகுமிடத்தில் காரணத்தைத் தேடுவார்; கணிக்காதவரோ விடையை அப்படியே ஏற்பார். ஆதலால், மதிப்புகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பொருந்திய எண்ணில் திருப்தியடையும் பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே களைந்து, முதலில் கைக்கணக்கு, பிறகே சிமுலேஷன் என்னும் நியதியைப் பதியவைப்பதே ஆசிரியர்களின் தலையாய கடமை.