ஆப்பும் காப்பும்

திருச்சி தில்லை நகரில் குடியிருப்பவர்களுக்கு இலங்கைத் தமிழ் காதுக்குப் பழக்கம். தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி, கொழும்பிலிருந்து ஒரு மணி நேர விமானம். கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் வைத்தியம் தேடி வருகிறவர்கள் வாரக்கணக்கில் அறையெடுத்துத் தங்குவார்கள். ஓர் ஆடி மாதம் எங்கள் அடுத்த வீட்டு மாடிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாயும் மகனும் வந்தார்கள். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, மறுபடி டாக்டரைப் பார்க்கப் பத்து நாள் இருந்தது. மகன் தச்சர். நானும் அதே தொழில் என்று தெரிந்ததும், "ஐயா, பட்டறையை ஒருக்காப் பாக்கலாமோ?" என்று கேட்டார். உறையூர்ப் பக்கம் இருக்கும் என் பட்டறைக்கு வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

உள்ளே வந்தவர் அடுக்கியிருந்த தேக்கைப் பார்க்கவில்லை. பாதி முடிந்து நின்ற வாசக்கதவையும் பார்க்கவில்லை. நேரே டேபிள் சாவிடம் போய்க் குனிந்தார். "உந்த வாளுக்குக் காப்பு எங்க ஐயா?" என்றார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. எங்கள் ஊரில் காப்பு என்றால் கையில் போடுவது. இல்லையென்றால் திருவிழாவுக்கு முன்னால் கட்டுவது. அவர் பிளேடைச் சுட்டிக் காட்டியபிறகு, கழற்றி மூலையில் சாத்தியிருந்த கவரைக் காட்டினேன். அவர் சிரித்தார். "இந்தியாவில தச்சன் ஆரெண்டு கேக்கத் தேவையில்லை, விரலை எண்ணிப் பாத்தாக் காணும் எண்டு எங்கட ஊரில சொல்லுவினம்" என்றார். மனதில் வஞ்சம் வைத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் சொன்ன நேரத்தில் என் பட்டறைப் பையன் டீ கிளாஸ்களோடு உள்ளே வந்துவிட்டான். வலது கையை லேசாகப் பின்னால் இழுத்துக்கொண்டு, விருந்தாளிக்கு இடது கையால் கிளாஸை நீட்டினான். இடது கையால் யாருக்கும் எதுவும் கொடுக்கிற பிள்ளை இல்லை அவன்.

அந்த இடது கை என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

முதலில் எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தென்னிந்திய ரயில்வே தன் பெரிய பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு மாற்றியது 1928இல். என் அப்பா அங்கே மரவேலைப் பிரிவில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தார். ரயில் பெட்டிக்குள்ளே மரம் நிறைந்திருந்த காலம் அது. பத்து விரலோடு ஓய்வு பெற்றார். எனக்கு ரம்பத்தைத் தொடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால், தொடும்போது எப்படி நிற்பது என்று கற்றுக்கொடுத்தார். கைலி கட்டிக்கொண்டு மெஷின் பக்கம் வராதே. முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டு. மணிக்கட்டில் கட்டியிருக்கும் சாமிக் கயிற்றைக்கூடக் கழற்றி ஆணியில் மாட்டு, சாமி கோவிச்சுக்காது. கையுறை போடாதே, பல் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காதே, அரை அடி ஒதுங்கி நில். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலிருந்தும் வந்ததில்லை, திருச்சியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டது. அதனால் எங்கள் தச்சர்களுக்கு அடிப்படையே தெரியாது என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சட்டமும் எங்களிடம்தான் முந்தி வந்தது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல்; இலங்கையினுடையது 1942இல். அதை அங்கே 'தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம்' என்கிறார்கள். நம்மூரில் அதே ஆங்கிலச் சொல்லை 'அவசரச் சட்டம்' என்று மொழிபெயர்த்துப் பழகிவிட்டோம். அவர்களுக்குக் கட்டளை, நமக்கு அவசரம்! 1948 சட்டத்தின் கீழ் நம் மாநிலங்கள் எழுதிய விதிகளில் வட்ட ரம்பத்துக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது: மேலே மூடி, பின்னால் பிளவுக் கத்தி, பக்கத்தில் ஒரு தள்ளுகட்டை. ஆனால் மோட்டார் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் 2025 வரை அமலில் இருந்த அந்தச் சட்டத்தின் கணக்கில் அது தொழிற்சாலை. என் பட்டறையில் நான்கு பேர்.

சொற்களுக்கு வருகிறேன். அந்தத் தம்பி இருந்த பத்து நாளும் எனக்குப் பெரிய சந்தோஷம் அதுதான். நாம் ரம்பம் என்பதை அவர் வாள் என்கிறார். வாள் என்றதும் எனக்குச் சண்டை நினைவுக்கு வருகிறது, அவருக்குப் பலகை. நாம் மரத்தை அறுக்கிறோம், அவர்கள் அரிகிறார்கள். நம் இழைப்புளி அங்கே சீவுளி. மரவாடி அங்கே மரக்காலை. நாற்காலி கதிரை, பெஞ்சு வாங்கு, மேசை டிராயர் லாச்சி, மொத்தத்தில் மரச்சாமான் எல்லாம் தளபாடம். கதிரையும் வாங்கும் போர்த்துக்கீசியர் விட்டுப்போனவை, லாச்சி டச்சுக்காரர் கொடுத்தது. நம் சொல்லான நாற்காலியில் நான்கு காலும் தெரிகிறது, அந்த அழகு கதிரையில் இல்லை என்று அவரிடமே சொன்னேன். ஆனால் 'காப்பு' என்ற சொல்லில் அவர் என்னை மடக்கிவிட்டார். நாம் 'கவர்' என்கிறோம். கவர் என்றால் வெறும் மூடி. வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் கழற்றி வைத்துவிடலாம். காப்பைக் கழற்றுவதற்குக் கை வருமா? சமயபுரத்திலும் மற்ற ஊர்களிலும் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பவர்கள் நாம். பெயர் மாறினால் பழக்கமும் மாறும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிளவுக் கத்தி என்று மேலே எழுதினேனே, அதற்கு நம் பட்டறைகளில் பெயரே இல்லை. பெரும்பாலான மெஷின்களில் அந்தப் பொருளே இல்லாதபோது பெயர் எங்கிருந்து வரும்? யாழ்ப்பாணத் தம்பி ஒரே வார்த்தையில் சொன்னார்: "ஆப்பு." கேட்டதும் எனக்கு என் தாத்தா காலம் வந்துவிட்டது. குழி வெட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று இழுக்கும் பெரிய ரம்பத்தில் பாதி அறுத்த மரத்தின் பிளவில் ஓர் ஆப்பை அடிப்பார்கள். அடிக்காவிட்டால் பிளவு மூடி ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். அந்த ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதை தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? டேபிள் சாவில் நடப்பதும் அதே சங்கதிதான். வேம்பு, மா போன்ற மரங்களுக்கு உள்ளே முறுக்கு இருக்கும். அறுபட்டதும் இரண்டு பாதியும் ஒன்றையொன்று நெருக்கும். நெருங்கினால் பிளேடின் பின்பக்கத்துப் பல் பலகையைத் தூக்கி, அறுப்பவர் மேலேயே எறியும். நாங்கள் 'எத்துது' என்போம். அவர் 'உதைக்குது' என்கிறார். 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2,900 சுற்றுச் சுற்றினால் பல்லின் நுனி போகும் வேகம் மணிக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். பலகை வயிற்றில் அடிப்பது ஒரு பக்கம். அது பறந்த நொடியில், அதுவரை தள்ளிக்கொண்டிருந்த கை எதிரே எதுவும் இல்லாமல் முன்னால் போய் விழுவது பிளேடின் மேல்.

ஆப்பு என்ற அந்த ஒரு துண்டுத் தகடு இருந்தால் பிளவு மூடாது. பிளேடின் உடம்பைவிடத் தடிப்பாக, அறுக்கிற கோட்டைவிட மெலிதாக இருக்க வேண்டும். என் பிளேடில் பல் அறுக்கும் அகலம் 3.2 மில்லிமீட்டர், உடம்பின் தடிப்பு 2.2, ஆகவே ஆப்பு இரண்டரை. பல்லுக்கும் ஆப்புக்கும் நடுவே சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு மேல் சந்து கூடாது.

பங்குனியில் நான் யாழ்ப்பாணத்துக்குப் போனேன். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் விட்டு, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பலில். சுன்னாகத்துக்குப் பக்கத்தில் அவர்கள் பட்டறை. வேலிக்குள் வேம்பு நிழல், தகரக் கொட்டகை, சுவரோரம் பனஞ்சலாகைக் கட்டுகள். வெளிவட்டம் கறுத்து இரும்பாகவும் உள்ளே நாராகவும் இருக்கிற பனையை வட்ட வாளில் கொடுப்பது எளிதில்லை. அவர் கொடுத்ததைப் பார்த்தேன். பலகைக்கு மேலே பல் எட்டிப்பார்க்கிற அளவுக்கு மட்டும் வாளை ஏற்றினார். காப்பை இறக்கினார். கடைசி ஒரு சாண் வந்ததும் கையை எடுத்துவிட்டு, நுனியில் ஆப்பு வடிவக் காடி வெட்டிய தள்ளுகட்டையால் தள்ளினார். வாள் முழுக்க ஓய்ந்து நிற்கும்வரை துண்டுக் கட்டையைத் தொடவில்லை. நான்கு நாளில் நான் பார்த்த பட்டறைகள் மூன்று. மூன்றிலும் ஆப்பு இருந்தது.

ஏன் என்று கேட்டதற்கு அவருடைய அப்பா பதில் சொன்னார். 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே கிடையாது. அவர் தொழிலில் பாதிக் காலம் கைவாள்தான். "கையால அரிஞ்சவனுக்கு மரம் எப்ப இறுக்கும் எண்டு தெரியும் தம்பி. பிறகுதான் மிஷின் வந்தது" என்றார். எங்களுக்கோ மெஷின் முந்திக்கொண்டது. பையன்கள் கைரம்பம் பிடிக்காமலே நேராகச் சுவிட்சைப் போடுகிறார்கள். ஆனால் அதே அப்பா மடித்துக் கட்டிய சாரத்தோடு வாளருகே நின்றதையும் நான் எழுதத்தான் வேண்டும். நாம் கைலி என்பது அங்கே சாரம். பல்லில் சிக்கினால் இரண்டும் ஒன்றுதான். பொன்மலையில் என் அப்பா இதைப் பார்த்திருந்தால் வாய்விட்டே திட்டியிருப்பார்.

இன்னொன்றிலும் அவர்கள் பெருமையடித்தார்கள். நம் பிளக் பாயிண்ட் அங்கே 'பிளக் பேஸ்'. சதுர முள், பிளக்குக்குள்ளேயே பியூஸ், வீட்டுக்கு வீடு ட்ரிப் சுவிட்ச். நல்ல ஏற்பாடு, ஷாக்கிலிருந்து காக்கும். ஆனால் ரம்பக்காரனுக்கு மின்சாரத்தால் வரும் பெரிய ஆபத்து வேறு. சாதாரண சுவிட்ச் போட்ட மெஷினில் கரண்டு போனால் பிளேடு நின்றுவிடும். திரும்பி வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் தானாகச் சுற்றும். 2022 மார்ச் முடிவில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. அப்போது எத்தனை பட்டறைகளில் சுவிட்சை அணைக்க மறந்திருப்பார்கள்? கேட்டேன். தம்பி பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தார்.

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். 2012இல் திருச்சியில் பாதி நாள் கரண்டு இருக்காது. ஒரு மத்தியானம் கரண்டு போனது. பையனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பிளேடில் சிக்கியிருந்த சிம்பை எடுக்கக் கையை விட்டான். சுவிட்சை அணைத்திருக்க வேண்டியவன் நான். போன் வந்தது என்று வாசலுக்குப் போய்விட்டேன். காப்பும் அன்று மூலையில்தான் கிடந்தது. ஆட்காட்டி விரலில் முதல் கணு போயிற்று. 1923ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் அதற்கு 9 சதவீதம் என்று போட்டிருந்தது, முழு விரலுக்கு 14, கட்டைவிரலுக்கு 30. இலங்கையில் இதை நட்டஈடு என்பார்களாம். 9 சதவீதம் என்பது என்னவென்று அவன் பென்சில் பிடித்துக் கோடு போடும்போது நான் தினமும் பார்க்கிறேன். நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பென்சிலை வைத்து, அப்படியும் என்னைவிட நேராகக் கோடு போடுவான்.

அதனால்தான் அந்தப் பேச்சு சுட்டது. எண்ணிப் பார்க்கச் சொன்ன விரல் எங்கள் ஊர் அலட்சியத்தின் கணக்கு என்றால் அதை மறுப்பேன். பத்துக்குப் பதினைந்து இடத்தில், வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத் தேதியைச் சொல்லி நெருக்க, சதுர அடிக்குக் கூலி பேசி வேலை பார்க்கிறவர்கள் எங்கள் ஆட்கள். வேலை நடக்கும் வீட்டிலேயே கைமெஷினைப் பலகைக்கு அடியில் கவிழ்த்துக் கட்டி டேபிள் சாவாக்கிக்கொள்கிறார்கள். அதில் ஆப்பு வைக்க இடம் ஏது? அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999இல் கண்டுபிடித்தார், சதை பட்டால் ஐந்து மில்லி விநாடியில் பிளேடு நிற்கும் ஏற்பாட்டை. அந்த மெஷினின் விலைக்கு என் பட்டறையையே வாங்கிவிடலாம். அரும்பாவூரில் மரச் சிற்பம் செதுக்குகிறவர்கள், ஸ்ரீரங்கத்துத் தேரைப் பழுதுபார்க்கிறவர்கள் எல்லாரும் எங்கள் மண்ணின் கை. அந்தக் கைக்கு மரம் தெரியும்.

ஊர் திரும்பிய வாரமே சுவிட்சை மாற்றினேன். கரண்டு போனால் தானே விழுந்துவிடும், பச்சைப் பொத்தானை மறுபடி அமுக்கினால்தான் ஓடும். லேத் பட்டறையில் இரண்டரை மில்லிமீட்டர் எஃகுத் தகடு வாங்கி, பிளேடின் வளைவுக்குப் பையனே வரைந்து வெட்டி ராவி ஆப்பு செய்தான். காப்பையும் மாட்டியாயிற்று. படம் எடுத்துச் சுன்னாகத்துக்கு அனுப்பினேன். அரை மணியில் பதில் வந்தது: "ஆப்பு கொஞ்சம் உயரம் ஐயா. வாளின்ர தலைக்குக் கீழ நிக்கோணும், இல்லாட்டி காடி எடுக்கேலாது."

ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். கால் அங்குலம் உயரம்தான். கழற்றிக் கொடுங்கள், நாளைக்கு ராவிவிடுகிறேன் என்று பையன் வலது கையை நீட்டினான்.