சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் ஒரு மீன்

பி.காம். படித்தவர்களுக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் தெரியும். யார் கணக்கில் எழுதுவது என்று புரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கிற இடம். நம் ஊரில் 'தற்காலிகம்' என்பது எத்தனை வருஷம் என்று உங்களுக்கே தெரியும். காவிரியின் மிகப் பெரிய மீன்களில் ஒன்று அந்தக் கணக்கில் 150 வருஷத்துக்கு மேல் கிடந்தது.

முதுகில் திமில், ஆரஞ்சு நிறத்தில் வால். வெள்ளைக்காரத் துரைமார்கள் தூண்டிலும் கையுமாகத் தேடி வந்த மஹசீர். 1946-ல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ! தூண்டில் உலகம் முழுக்கப் பிரசித்தம். விஞ்ஞானத்தில் மட்டும் அதற்குச் சரியான பெயர் இல்லை.

2018-ல் 'ப்ளாஸ் ஒன்' இதழில் அட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் குழுவினர் எழுதிய கட்டுரைதான் அந்தக் குறையைத் தீர்த்தது. பெயர், 'டோர் ரெமாதேவி'. வேடிக்கை என்னவென்றால், பெயர் புதுசே இல்லை. கேரளத்தில் சின்னாறு பக்கம் பாம்பாற்றில் கிடைத்த சின்ன மீன்களுக்கு, ரெமாதேவி என்ற மீன் ஆய்வாளரைக் கௌரவித்து 2007-லேயே சூட்டியது. பாம்பாற்றுத் தண்ணீர் அமராவதி வழியாகக் காவிரிக்குத்தான் வருகிறது. அந்தப் பொடியன்களும் இந்த ராட்சசனும் ஒரே இனம் என்று டி.என்.ஏ.வும் உடல் அளவுகளும் சேர்ந்து சாட்சி சொல்லின.

"பேர் என்னவா இருந்தா என்ன சார், குழம்பு ஒண்ணுதானே?" என்பீர்கள். அங்கேதான் வில்லங்கம்.

1970-களில் லோனாவாலா பண்ணைக் குஞ்சுகளைக் காவிரியில் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அவை நீலத் துடுப்பு மஹசீர். 1839-ல் சைக்ஸ் என்பவர் புனே பக்கத்து ஆற்றில் பார்த்து விவரித்த வேறு இனம். வந்த விருந்தாளி பெருகினார்.

1998 முதல் 2012 வரை காவிரிக்கரை முகாம் ஒன்றில் தூண்டில்காரர்கள் எழுதி வைத்த கணக்கை பிண்டர் குழு ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டது. மொத்த மஹசீர் ஏறுமுகம். பிரித்துப் பார்த்தால், திமில் மீன் இறங்குமுகம். ராமசாமி கணக்கில் எழுத வேண்டியதைக் கிருஷ்ணசாமி கணக்கில் எழுதினாலும் டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிடும். ராமசாமி திவாலாவது மட்டும் வெளியே தெரியாது.

பெயர் வந்த பிறகு பாருங்கள். அதே 2018-லேயே ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலில், அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்று பதிவானது. பெயரே இல்லாத ஜீவனை யார், எந்தப் பட்டியலில் காப்பாற்றுவது?

ஆகவே கட்டுரைக்கு ஒரு சபாஷ். என் புகார், இதையெல்லாம் பார்த்துவிட்டு 'இனிமேல் ஜீன் மட்டும் போதும்' என்று கிளம்புகிறவர்கள் மீது. கனடாவின் பால் ஹெபர்ட் 2003-ல் சொன்ன டி.என்.ஏ. பார்கோடு யோசனை அழகானது. ஒரே ஜீனில் சுமார் 650 எழுத்துகளைப் படித்தால் இனம் தெரிந்துவிடும். கடையில் சோப்பை ஸ்கேன் பண்ணுவது மாதிரி. தூரத்துச் சொந்தங்களைப் பிரிக்க இது கெட்டிக்காரத்தனமான வழி. பங்காளி மீன்களிடம் தடுமாறும்.

காரணம் இரண்டு. ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க மூலப் பிரதி வேண்டும். யாரோ ஒருவர் தப்பான பெயரில் டேட்டாபேஸில் ஏற்றிவிட்டால், அடுத்து வருகிற அத்தனை பேருக்கும் கம்ப்யூட்டர் அதே தப்பை அடித்துச் சொல்லும். இரண்டு, அந்த ஜீன் இருப்பது மைட்டோகாண்ட்ரியாவில். அது அம்மா வழிச் சொத்து. வெளியூர் அப்பாவுக்கும் உள்ளூர் அம்மாவுக்கும் பிறந்த கலப்புக் குஞ்சை 'அசல் உள்ளூர்' என்று சர்டிஃபிகேட் கொடுத்துவிடும்.

பிண்டர் குழு ஜீனை மட்டும் நம்பாமல் மீனையும் அளந்து பார்த்தது. கட்டுரையின் பலமே அதுதான். ஆனால் ஆற்றில் நீந்துவதில் அசல் எத்தனை, கலப்பு எத்தனை என்பது வேறு கேள்வி. அதற்கு அப்பா வழியும் தெரிகிற உட்கரு டி.என்.ஏ.வையும் பார்த்தாக வேண்டும்.

பேரேட்டில் இப்போது அந்த மீனுக்கென்று தனிப் பக்கம் திறந்தாகிவிட்டது. அதில் வரவு எழுத, காவிரியில் மீன் மிஞ்ச வேண்டும்.